இரண்டு முறை தட்டியவன்

செல்வி அக்காவின் கோப்பைக் கெடுத்தவன் நான்தான். கணினிக் கோளாறு அல்ல, மின்வெட்டும் அல்ல... நான்!

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சாத்தான்குளம், சேரன்மகாதேவி என்று பட்டறை பட்டறையாக மாறித்தான் கணினியில் வரையக் கற்றேன். படுக்கை பட்டறைத் தரையில். அதொன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. போகிற இடத்திலெல்லாம் நல்ல வரைபடங்களைப் பென்டிரைவில் திருடிக்கொள்வேன். அடுத்த பட்டறையில் 'நான் வரைந்தது' என்று காட்டத்தான்!

இது நடந்தது விக்கிரமசிங்கபுரத்தில், மரக்கதவுகளில் பூவேலை செதுக்கும் ஒரு பட்டறையில். செதுக்கும் இயந்திரத்தோடு இணைந்த பழைய கணினியில் மென்பொருளின் பழைய பதிப்பு மட்டுமே ஓடும். பாளையங்கோட்டைத் தேவாலயம் ஒன்றின் கதவுக்காக, அங்கே என்னோடு வேலை பார்த்த செல்வி அக்கா அதில் இரண்டு மாதமாகத் திராட்சைக் கொடி வரைந்துகொண்டிருந்தார். என் கணினியில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டும் இருந்தன. அக்காவின் கோப்பை என் கணினியிலிருந்தும் திறக்கலாம்.

"ஏலே, என் ஃபைலப் பாக்கணும்னா காப்பி எடுத்துப் பாரு. பழைய வெர்சன மொதல்ல தொறந்து, அங்கன இருந்து ஃபைலத் தொற. கடன்காரன் கதவு தட்டுத மாதிரி ஃபைல் மேல டக்கு டக்குன்னு தட்டாத. புதுசுதான் எந்திரிச்சு வரும்!"

கேட்டேனா? ஒருநாள் காலை, அக்கா வருமுன்... அந்தக் கொடி புதிய பதிப்பில் எப்படித் தெரியும் என்ற ஆசை! இரண்டு முறை தட்டினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே 'சரி' கொடுத்தேன்.

அப்பப்பா! கொடி திரையில் சுழன்றது. இலைமேல் வெயில் விழுந்தது. ஒவ்வொரு பழத்தையும் கையால் பறிக்கலாம் போலிருந்தது! அந்தப் பரவசத்தில் விரல் தானாகவே சேமித்தது... அதே பெயரில்.

கோப்பு புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. திரும்ப வழியில்லை. அக்காவின் கணினியில் அது திறக்கவே இல்லை.

"நாலு நாள்ல கதவு போவணும். என்னம்மா செஞ்சு தொலைச்ச?" என்று முதலாளி அண்ணாச்சி கத்தினார்.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி..."

"பின்ன, ஃபைலு தானா வயசுக்கு வந்துட்டாக்கும்!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ தொட்டியாலே?"

"இல்லக்கா."

இனிச் சொல்லப்போவதுதான் என் உண்மையான குற்றம். முந்தின நாள் நான் திருடிய நகல், பழைய பதிப்பிலேயே, என் சட்டைப்பையில் இருந்தது! கொடுத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் இயந்திரம் ஓடியிருக்கும். ஆனால் நான் திருடன் என்று தெரிந்துவிடுமே... பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்களா?

இரண்டு மாத வேலையை நாலு நாளில் வரைய முடியுமா? கதவு வேறு பட்டறைக்குப் போயிற்று. அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகும்போது என்னிடம், "பைய, பாத்து வேல செய்யிலே" என்றார். என்னிடம்!

இப்போது திருநெல்வேலியில் இருக்கிறேன். இந்தப் பட்டறையில் வேலை கேட்டபோது எதைக் காட்டினேன் தெரியுமா? அந்தத் திராட்சைக் கொடியைத்தான். காப்பி எடுத்து, பழைய பதிப்பை முதலில் திறந்து, அங்கிருந்து கோப்பைத் திறந்தேன்... அக்கா சொன்னபடியே. ஓர் இலைகூடச் சிதையவில்லை.

"இத வரஞ்சது நீயாலே?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றேன்.