கேப்டன் போட்ட கோல்

அந்த கோலை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளில் சிங்கப்பூரில் எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமில் அவன் கேப்டன், நான் கோல் கீப்பர். அவன் எனக்கு முன்னால் நின்றால் பந்து என்னிடம் வருவதே அபூர்வம். ஃபேரர் பார்க் திடலில் முழங்காலில் ரத்தம் ஒழுக ஒழுக ஆடுவான். வெளியே வாடா என்றால் கெட்ட வார்த்தையில் திட்டுவான். படிப்பு முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் காய்கறி மொத்த வியாபாரம் தொடங்கினான். சரக்கு பார்த்து ஏற்றிவிட என்னை வைத்துக்கொண்டான். கடையிலும் அவனை கேப்டன் என்றுதான் கூப்பிடுவேன். மூட்டை தூக்குகிறவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

கடையைக் காப்பாற்றி வந்ததே ஒரு வெள்ளைக்காரப் பட்டாள முகாம்தான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாம் அங்கேதான் போகும். வருஷா வருஷம் காண்டிராக்ட் புதுப்பிக்கும் முன்னால், சரக்கு கொடுக்கிறவர்களுக்கும் முகாம்காரர்களுக்கும் ஒரு நட்பு ஆட்டம் நடக்கும். பெயர்தான் நட்பு. சரக்கு வாங்கும் ஆபீசர் ஒரு கோலாவது போட்டே ஆக வேண்டும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், இன்னொரு வியாபாரி விலையைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று போட்டிக்கு வந்து நின்றான். காண்டிராக்ட் போனால் கடையை மூட வேண்டியதுதான். என் பிழைப்பும் அதோடு சரி.

லாரியில் போகும்போதே, அவர் அடித்தால் விட்டுவிடு என்று கேப்டன் சொல்லிவிட்டான். சரி என்றேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய?

மழை பெய்து ஓய்ந்த திடல். ஆபீசர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவர்கள் மாதிரி ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் உதைத்த லட்சணத்தில் பந்து என்னைத் தாண்டி உருண்டு, கோட்டுக்கு முன்னால் சேற்றில் நின்றுவிட்டது. என் கைக்கு எட்டும் தூரம்தான். நான் எடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

கேப்டன் ஓடி வந்தான். அதே பழைய ஓட்டம். ஓங்கி ஒரு உதை விட்டு வெளியே தள்ளப் போகிறான், கடை நாசமாய்ப் போனால் போகட்டும் என்று எனக்குள் ஒரு சந்தோஷமே கிளம்பிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அவன் பூட்ஸ் நுனியால் பந்தை மெதுவாக எங்கள் கோலுக்குள்ளேயே தள்ளினான். தள்ளிவிட்டு ஆபீசர் பக்கம் திரும்பி, கையைத் தட்டி, பல்லெல்லாம் தெரிய "குட் கோல், சார்" என்றான். அந்த மனுஷரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் கையை உயர்த்திக் காட்டினார். தூ!

காண்டிராக்ட் கிடைத்தது. திரும்பும் வழியில் அவன் என்னைத்தான் கடிந்துகொண்டான்.

"மரம் மாதிரி நிக்கிறியே லா. விழுந்து புரண்டிருக்க வேணாமா? பாக்கிறவங்க நம்ப வேணாமா?"

நான் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும், முதல்முறையாக அவனை "முதலாளி" என்று கூப்பிட்டேன். உறைக்கட்டும் என்றுதான் அப்படிக் கூப்பிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இனிமே எல்லாரையும் அப்படியே கூப்பிடச் சொல்லு" என்றான்.