பட்டியலில் இல்லாத தேன்மது

என் மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியபோது ஏழு பெயர்களைச் சொல்லித்தான் வாங்கினாள். விஸ்கி, பிரண்டி, ரம், சாராயம், பியர், வைன், கள்ளு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கள்ளுக்கு நான் எந்தப் பனையைத் தேடிப் போவேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையில் நான் இருக்கவில்லை. முதல் நாள் மத்தியானம், கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் புதுநன்மை விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்டுமில்லை, நான் கார் ஓடுவன்" என்று வீரம் பேசி, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்து, கெனடி வீதியில் காரை நடைபாதைமேல் ஏற்றியிருந்தேன். பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக்கு ஒரு முழம் இப்பால் கார் நின்றது. அப்பால் ஒரு மனுசி மரக்கறிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. மிச்சத் தூரத்தை மனைவி ஓட்டினாள்.

மறுநாள் வேலையால் வந்ததும் வராததுமாக, டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் அப்பார்ட்மெண்டில், மாதா சுருவத்துக்கு முன்னால் மனைவி என்னை நிறுத்தினாள்.

"நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள்.

இப்படிப் பெயர் பெயராகச் சத்தியம் வாங்குவதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா, தீவுப்பக்கத்து மனுசன், சத்தியம் செய்வதில் மகா கெட்டிக்காரர். சாராயம் தொடமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்துவிட்டுக் கள்ளுக்குப் போனார். கள்ளையும் விட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிரண்டிக்குப் போனார். ஒவ்வொரு முறையும், "நான் அதையெல்லோ விட்டனான், இதை விடுறன் எண்டு சொன்னனானே?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்பாராம். அந்த வீட்டில் வளர்ந்தவள், ஆம்பிளைகள் தப்பி ஓடக்கூடிய வேலிப் பொட்டுக்கள் அத்தனையையும் தேடித் தேடி அடைத்துத்தான் பட்டியல் போட்டாள். நான் ஏழு பெயரையும் திருப்பிச் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், கண்டறியாத அழுகை.

நான்கு வருடம் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதனால் எனக்கு ஒரு எடுப்பும் வந்துவிட்டது. பக்கத்து நகரமான மார்க்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்குப் போனால் பெண்கள் உள்ளே, ஆண்கள் கராஜுக்குள். கார்களை வெளியே விட்டுவிட்டு, மடிக்கிற மேசையில் போத்தல்களை வைத்து, ஜாக்கெட்டோடு சுற்றி நிற்பார்கள். எங்கள் ஆட்கள் விஸ்கியை நாக்கால் குடிப்பதில்லை, கண்ணால் குடிப்பவர்கள். லேபிளின் நிறத்தைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள். "பதினெட்டு வருசமாம்!" என்று போத்தலைக் குழந்தைபோலத் தூக்கிக் காட்டுவார்கள். பிறகு அதைக் கடதாசிக் கப்பில் ஊற்றி, கோக்கால் கப்பை நிரப்புவார்கள். பதினெட்டு வருடம் மரப்பீப்பாய்க்குள் கிடந்ததை ஒரு நொடியில் கோக்கில் தாட்டுவிடும் இந்த வீரர்களை, கையில் வெறும் சோடாவோடு ஒரு மூலையில் நின்று, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பார்ப்பேன்.

அந்த நிலையில்தான் மீட் என்கிற தேன்மது என் வாழ்க்கைக்குள் வந்தது. ஒரு சனிக்கிழமைச் சந்தையில், தேனும் மெழுகுதிரியும் விற்கிற சின்னக் கடைக்குப் பக்கத்தில், தாடிக்கார இளைஞன் ஒருவன் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான். உடுப்பைப் பார்த்தால் இரும்படிக்கிறவன், கையைப் பார்த்தால் பூச்சட்டிகூடத் தூக்காத கை. விரல் நுனியளவு கப்பை நீட்டி, "தேனும் தண்ணியும் ஈஸ்டும் மட்டும்தான், தேன் வைன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். வைன் என்ற சொல் காதில் விழுந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். ஆறாவது பெயர்!

ஆனால் மூக்குக்குள் மணம் ஏறிவிட்டது. அன்று முழுக்க எனக்குள் ஒரு வக்கீல், எங்கள் ஊர்ப் பேச்சில் அப்புக்காத்து, இருந்து வழக்காடினான். வைன் என்றால் என்ன? மறுநாள் பூசை முடிந்ததும் வாசலில் நின்ற ஃபாதரைப் பிடித்தேன்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். தேனிலை செய்த வைனைப் பூசைக்குப் பாவிக்கலாமோ?"

"ஏலாது. திராட்சையிலை செய்ததுதான் செல்லும். ஏன் கேக்கிறியள்?"

"சும்மா, ஒரு அறிவுக்கு."

மனுசன் என் பக்தியை மெச்சித் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. பூசைக்குச் செல்லாதது வைன் ஆகாது. வைன் இல்லையென்றால் அது பட்டியலில் இல்லை. திருச்சபையையே சாட்சிக்கு இழுத்துக் குடிக்கப் போன விசரன் ரொறன்ரோவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அடுத்த சனிக்கிழமை தாடிக்காரனுக்கு முன்னால் நின்றேன்.

அவன் முதலில் தந்தது இனிப்பே இல்லாதது. தேனிலிருந்து இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டதாம். மிஞ்சியிருந்தது பூமணமும், தொண்டையில் மெல்லிய ஒரு கசப்பும். நல்லாக இருந்தது, அதை மறைத்து என்ன? நான்கு வருடம் வெறும் சோடா குடித்த வாய்க்கு அழுகை வந்தது. பிறகு அவன் வாயைத் திறந்தான். "கோடைகாலப் புல்வெளி தெரிகிறதா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்தது குடி. இருந்தாலும் "ஓ, தெரிகிறது" என்று தலையாட்டினேன்.

அடுத்த கிழமைகளில் ஒவ்வொன்றாக வந்தது. ஆப்பிள் சாற்றோடு புளிக்க வைத்தது ஒன்று, குளிர வைத்துக் குடித்தால் இன்னொரு கப் கேட்கும். கறுத்த சின்னப் பழங்கள் போட்டது, வாயெல்லாம் ஊதாவாகிவிடும், மறைந்து குடிக்கிறவனுக்கு உதவாது. பக்வீற் என்கிற தானியத்தின் பூத்தேனில் செய்த ஒன்றை மண்வாசனை என்று புகழ்ந்தான். முகர்ந்து பார்த்தேன், அசல் மாட்டுக்கொட்டில். சாணியை மண்வாசனை என்று விற்கத் தெரிந்தவன் இந்த நாட்டில் பிழைத்துக்கொள்வான். கறுவா, கராம்பு, ஏலக்காய் போட்டதற்கு வாயில் நுழையாத பழைய பெயர் ஒன்று வைத்திருந்தான். அதைத் தரும்போது, கறுவா என்பது ஒரு மரத்தின் பட்டை என்று எனக்கு விளக்கம் சொன்னான். எனக்கு! இலங்கையில் பிறந்தவனுக்கு! பொறுமையாகக் கேட்டேன், கப் அவன் கையில் அல்லவா இருந்தது.

ஒன்றை மட்டும் என்னால் நக்கலடிக்க முடியவில்லை. தேனைச் சட்டியில் கறுப்பாகும்வரை காய்ச்சி, அந்தக் கருகலைப் புளிக்க வைத்து, இரண்டு வருடம் ஆறவிட்டுச் செய்தது. அடிப்பிடித்த பாகின் மணம், பின்னால் லேசான புகை, இனிப்பு இருந்தும் திகட்டாத ஒரு கனம். அதைக் குடித்தபோது தாடிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு முறைதான் இரண்டு பேரும் மனிதர்போல நடந்துகொண்டோம்.

அதில் ஒரு போத்தல் வாங்கி, குளிர் உடுப்பு அலுமாரிக்குள், பூட்ஸ்களுக்குப் பின்னால் வைத்தேன். புதன்கிழமைகளில் மனைவி பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவாள். அவள் போனதும் பிளாசாவில் வாங்கிய மட்டன் றோல்ஸைச் சூடாக்கி, ஒரு கிளாஸ் ஊற்றி, பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பேன். கிளாஸைச் சுழற்றுவேன், மூக்கை விடுவேன், "ம்ம்" என்பேன். சந்தையில் தாடிக்காரனைப் பார்த்துச் சிரித்த நானும், மணந்து மணந்து குடிக்கிற அந்த விண்ணாணம் பிடித்த கூட்டத்தில் ஒருத்தன் ஆகிவிட்டிருந்தேன். அவள் வருவதற்கு முன் பல் தீட்டிவிடுவேன். வைன் இல்லை, குடி இல்லை என்று சட்டம் பேசியவன் எதற்குப் பல் தீட்டினான் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.

துணிவு கூடிப்போய் மார்க்கத்துக் கராஜுக்கும் ஒரு போத்தல் கொண்டுபோனேன். அந்த வீட்டுக்காரர், மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், லேபிளில் இருந்த தேனீயின் படத்தைப் பார்த்துவிட்டு, "உது என்ன, இருமல் மருந்தே?" என்றார்.

"தேன்மது அண்ணை. மெல்ல மணந்து குடிக்க வேணும்."

"நீர் விட்டிட்டீர் எண்டெல்லோ கேள்விப்பட்டனான்?"

"விட்டது விட்டதுதான். உது தேன்."

அவர் கப்பில் ஊற்றினார், குடித்தார், முகத்தைச் சுளித்தார், கோக்கை எடுத்து மேலே விட்டார். இரண்டு வருடம் ஆறிய கருகல் தேனுக்குக் கோக்! பேயன். மிச்சத்தை நானே குடித்து முடித்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, என் கையில் கடதாசிக் கப்பைக் கண்டு நின்றாள்.

"என்ன குடிக்கிறியள்?"

"தேன் தண்ணியப்பா."

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய்ப் பெண்களிடம், "எங்கடை ஆள் தேன் தண்ணி. இந்த ஆம்பிளையளுக்கு நடுவிலை நிண்டும் தேன் தண்ணி" என்று அவள் சொல்வது கதவால் கேட்டது. அவள் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கு வரும்போது காரை ஓட்டினது நான்தான்.

போன பனிக்காலம் அவளுக்கு இருமல் பிடித்தது. ஞாயிறு கோயிலில் தனியாகப் பாட வேண்டியிருந்தது, தொண்டையோ கட்டிக்கிடந்தது. சனிக்கிழமை காலை கொத்தமல்லித் தண்ணி கொதிக்க வைத்துவிட்டு, கழுத்துக்குச் சால்வை தேடி அலுமாரியைத் திறந்தவள், கையில் என் போத்தலோடு குசினிக்கு வந்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. தேனீயையும், பெரிய எழுத்தில் இருந்த தேன் என்ற ஆங்கிலச் சொல்லையும் கண்டிருக்கிறாள்.

"நல்ல தேன் வாங்கி எனக்குச் சொல்லாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறியள், கள்ளன்" என்று சிரித்தாள்.

நான் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவள் மூடியைத் திறந்து, கொதிக்கிற மல்லித்தண்ணிக்குள் இரண்டு மேசைக் கரண்டி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவள். மணம் தெரியாமல் குடித்துவிட்டுப் போனால் போத்தலை எங்கே மாற்றி வைக்கலாம் என்பதுதான் அப்போது என் மூளைக்குள் ஓடியது. சீ, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கப்பை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பான்ரை மணம்" என்றாள்.

நான் எழும்பினேன். அப்புக்காத்தும் எழும்பினான். "இல்லையப்பா, உது வைன் இல்லை. ஃபாதரிட்டையே கேட்டனான். திராட்சையிலை செய்தால்தான் வைன். நீர் சொன்ன ஏழிலையும் இது இல்லை..."

அவள் என்னைப் பேச விட்டாள். முழுவதையும் கேட்டாள். பிறகு கப்பைச் சிங்கில் ஊற்றினாள்.

"இப்பிடி ஒண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாது, அதாலை சொல்லேல்லை" என்றாள். "நான் ஏன் பேர் பேராச் சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

சத்தம் போடவில்லை. மகளிடம் சொல்லவில்லை. போத்தலைக்கூட அவள் ஊற்றவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான்தான் ஊற்றினேன். மறுநாள் கோயிலில் கரகரத்த தொண்டையோடு அவள் பாடினாள், நான் குனிந்துகொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் தொடவில்லை. சந்தைப் பக்கமே போவதில்லை. போன மாதம், அவள் றோல்ஸுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "நான் இப்ப ஒண்டும் தொடுறேல்லை, சத்தியமா" என்றேன்.

அவள் சிரித்தாள். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பில்லை, பகிடி கேட்டவள்போல உண்மையாகவே சிரித்தாள். "சரி" என்றுவிட்டுக் கிழங்கை மசித்தாள். கோபப்பட்டிருந்தால் சமாளிக்க எனக்கு நூறு வழி தெரியும்.