வேதநாயகம் ஆடி முடித்த ஒரே சுற்று

வேதநாயகம் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவர். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அந்த வெட்கத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர், அதே கடலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே அந்தமானுக்கு வந்து இறங்கினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், ரங்கத் என்ற ஊருக்குத் தெற்கே ஓடைக்கரையில் இருந்த மர மில் ஒன்றில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம், சூசைமேரி வந்து சேர்ந்தாள்.

அறுபத்துமூன்றில் கபூர் என்ற புது மேனேஜர் வந்தார். கோல்ஃப் பித்து பிடித்த மனிதர். மில்லுக்குப் பின்னால் மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த சரிவில் ஆறு குழிகள் தோண்டச் சொன்னார். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக, கழிவு ஆயில் கலந்த மணலை வட்டமாக மெழுகினார்கள். சனிக்கிழமை அரைநாள், வேலை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று சொல்லி, தன் பழைய மட்டைகளையும் பட்டறையில் கொடுத்துவைத்தார்.

முதலில் கூட்டம் கூடத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் கரைந்து, வேதநாயகமும் பக்கத்து வீட்டு அல்போன்ஸும் மட்டும் மிஞ்சினார்கள். அல்போன்ஸ் வந்தது பொழுது போகாமல். வேதநாயகத்துக்கு அப்படி இல்லை. வாரமெல்லாம் அரத்தைப் பிடித்துத் தேய்க்கிற கை, இங்கே ஒரே வீச்சில் விடுபட்டது. பந்து போன திசையில் காற்று வாங்கிக்கொண்டு நடந்து போகலாம். வேறு எதற்காகவும் அவர் அப்படி நடந்ததில்லை.

ஆனால் ஒரு சுற்றைக்கூட அவர் முழுதாக ஆடியதில்லை. நான்காவது குழிக்கு வரும்போது மேனேஜரும் அவரோடு ஆடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். வேதநாயகம் தன் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். மேனேஜரின் பந்து ஓடையோரக் கண்டல் மரச் சேற்றில் விழுந்தால் முழங்கால் புதைய இறங்கித் தேடுவார். யாரும் ஏவவில்லை. பட்டறைக்குள் மேனேஜர் நுழைந்தால் பீடியை அணைப்பதில்லையா, அது போலத்தான்.

ஆட்கள் ஏன் வருவதில்லை என்று கபூர் உண்மையாகவே கவலைப்பட்டார். அட்டை கடிக்கிறது என்றார்கள். காலில் பூசிக்கொள்ளப் புகையிலையும் சுண்ணாம்பும் ஸ்டோரிலிருந்து கொடுக்கச் சொன்னார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்களே தவிர, ஆட ஒருவரும் வரவில்லை. ஒருநாள் பட்டறைக்கு வந்து, நீயாவது உண்மையைச் சொல் என்று வேதநாயகத்தைக் கேட்டார். வேதநாயகத்தின் இந்தி நொண்டி நொண்டித்தான் நடக்கும். அப்படியும் சொல்லிவிட்டார்: நீங்கள் வந்தால் நாங்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது.

“நான் எப்பவாவது ஒதுங்கச் சொன்னேனா?”

“சொல்லலை சாப். நீ நின்னு ஆடுன்னும் சொல்லலையே.”

கபூரின் முகம் சிவந்தது. பிறகு வேதநாயகத்தின் தோளில் கை வைத்து, வரும் சனிக்கிழமை நீ எங்களுக்கு முன்னால் போ, ஆறு குழியையும் முடி, யார் வந்தாலும் பந்தை எடுக்காதே என்று உறுதியாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைதான் கல்கத்தாவிலிருந்து கம்பெனி டைரக்டர் வந்தார். தொழிலாளர் வீடுகள் இருந்த லைனுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் விஷயம் அவர் கையில் இருந்தது. பெண்கள் பள்ளத்து ஊற்றில் இறங்கித்தான் தண்ணீர் எடுத்தார்கள். மழைக்காலத்தில் அது சேறாகி, வீட்டுக்கு வீடு வயிற்றுக்கடுப்பு. ஆட்டம் முடிந்ததும் டைரக்டரை லைனுக்கு அழைத்துவந்து ஊற்றைக் காட்டுவது என்று ஹெட் கிளார்க் பக்தவத்சலம் மன்றாடி ஏற்பாடு செய்திருந்தார். கடல் வற்றி இறங்குவதற்குள் டைரக்டர் வந்த லாஞ்ச் படகு ஓடையைவிட்டுப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும். இதெல்லாம் வேதநாயகத்துக்கும் தெரியும். நேரம் இருக்கிறது என்று நினைத்தார்.

ஆறாவது குழியில் தடுமாறினார். பின்னால் டைரக்டரும் மேனேஜருமாக நான்கு துரைமார் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பது முதுகில் உறைத்தது. பந்து நண்டு வளை மேட்டில் முட்டித் திரும்பியது. பக்தவத்சலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“பந்தை எடுத்துட்டு வாய்யா. அப்புறம் ஆடிக்கலாம்.”

“மேனேஜர் ஆடச் சொல்லியிருக்காரு.”

“அவர் சொல்லுவார்யா. நீதான் எடுக்கணும்.”

அல்போன்ஸ் தன் பந்தை அதற்குள் எடுத்துவிட்டான். வேதநாயகம் எடுக்கவில்லை. மணல் வட்டத்தில் பந்து குழியைத் தாண்டி ஓடியது. திருப்பித் தட்டினால் இந்தப் பக்கம் தாண்டியது. கடைசியில் விழுந்தது. கபூர் கை தட்டினார். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் அவர்களும் ஒரு குழி விடாமல் ஆடித்தான் முடித்தார்கள். அதற்குள் ஓடையில் லாஞ்ச் ஊதிவிட்டது. டைரக்டர் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு நேராக ஜெட்டிக்கு இறங்கிப் போனார்.

லைனில் பெண்கள் வாசல் பெருக்கி, குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இருட்டும்வரை நின்றார்கள்.

டைரக்டர் ஒரு குழியை விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கபூர் நினைவூட்டியிருக்கலாம் என்றும் சொல்லவில்லை. குழாயைக் கெடுத்தவர் வேதநாயகம்தான் என்று லைன் முழுக்கப் பேச்சாயிற்று. ஊற்றில் சூசைமேரியின் குடம் கடைசிக்குத் தள்ளப்பட்டது.

“ஒங்க வீட்டுக்காரரு பந்து போட்ட குழியில தண்ணி ஊறலையாக்கா?” என்றாள் வரிசையில் முன்னால் நின்ற செல்வம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

அதை சூசைமேரி வீட்டில் சொல்லவில்லை. சோறு போட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

“அந்தப் பந்து உள்ள விழுந்தப்ப எப்படி இருந்துச்சி?”

பொய் சொல்லியிருக்கலாம். வேதநாயகத்துக்கு வரவில்லை.

“நல்லா இருந்துச்சி.”

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை வேதநாயகம் இரண்டு குடங்களோடு ஊற்றுக்குப் போனார். பெண்கள் நடுவே ஆண்பிள்ளை நிற்பதைப் பார்த்து அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரும் கடைசியில்தான் நின்றார். மேட்டிலிருந்து அல்போன்ஸ் குரல் கொடுத்தான்.

“அண்ணே, மேனேஜர் கூப்பிடுறாரு. ஆடுற தரை காலியா இருக்காம், ஒருத்தரும் ஒங்களை ஒதுங்கச் சொல்லமாட்டாங்களாம். என்ன சொல்லட்டும்?”

“தண்ணிக்கு நிக்கிறேன்னு சொல்லு.”

அல்போன்ஸ் போனான். போனவன், வேதநாயகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தான். திங்கட்கிழமை கபூர் பட்டறைக்கே வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேதநாயகம் அரத்தைக் கையில் எடுத்தார்.