என் வீட்டுக்காரரின் தொண்டையும் பனிச்சரிவும்

எங்கள் நூற்பு மில்லுக்கு இயந்திரம் வாங்க என் வீட்டுக்காரர் சுவிட்சர்லாந்துக்குப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. துடியலூரில் பிறந்து கருமத்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். அதுவரை நான் போன தொலைவான ஊர் மதுரை. இயந்திரம் தயாராக ஒரு வாரம் ஆகும், அதுவரை மலையில் தங்க விருப்பமா என்று கம்பெனிக்காரர்கள் கடிதத்தில் கேட்டிருந்தார்கள். மலை என்றால் அவருக்கு ஊட்டி. விருப்பம்தான் என்று பதில் எழுதிப்போட்டார்.

ஊட்டி ரயில் மாதிரிதான் அந்த ரயிலும் ஏறியது. இறங்கிய இடத்தில் ஒரு செடியைக்கூடக் காணோம். அவர் ரயிலடியிலேயே குனிந்து ஒரு பிடி பனியை அள்ளி, பருத்தித் தரம் பார்ப்பதுபோல இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"இழையே இல்லையே, அம்மணி" என்றார்.

ஓட்டல் மூன்று மாடி மரக்கட்டடம். அதன் முதுகுக்கு நேர்மேலே மலை. வாசல் பலகையில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. ஓட்டல் மேலாளர் ஒல்லியான மனிதர், நல்ல இங்கிலீஷ் பேசினார். நான்கு நாளாகப் பனி கொட்டியிருக்கிறது, எந்த நேரமும் சரிந்து வரலாம், சறுக்கு விளையாட யாரும் மேலே போகக்கூடாது, பின்புறத்துச் சமதரையில் பழகிக்கொள்ளலாம் என்றார். கடைசியாக, வெளியே யாரும் குரலை உயர்த்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சத்தத்துக்குப் பனி சரியாது என்று பல வருடம் கழித்து ஒருவர் எனக்குச் சொன்னார். அந்த மேலாளரிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நாலு காடு தள்ளி ஏர் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டுப் பழகியவர். வாசலில் நின்று, "அம்மணி, பொட்டியெல்லாம் வந்துருச்சான்னு பாரு" என்று என்னிடம் சொன்னார். மேல்மாடியில் இரண்டு ஜன்னல் திறந்தது. மேலாளர் உதட்டில் விரலை வைத்தபடி ஓடி வந்தார்.

"நா சாதாரணமாத்தானுங்க பேசுனேன்" என்று இவர் மேலாளரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டார், பதற்றத்தில்.

அன்றிலிருந்து இவர் கிசுகிசுத்தார். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டும் கிசுகிசுத்தார். மேலாளர் தினமும் காலையில் சிவப்பு அட்டையைக் கழற்றி, துடைத்து, மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, அதே அட்டையை மறுபடி மாட்டுவார். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியைத் தொட்டு அவித்த உருளைக்கிழங்கு தின்றோம்.

சறுக்கு கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தார். வெயிலில் கருகிய முகம், பெருத்த உடம்பு. காலில் மாட்டும் சறுக்குக் கட்டை சமதரையில் சறுக்காது. அதனால் விழுவதற்குக் கற்றுக்கொடுத்தார். விசில் ஊதக்கூடாது என்பதால் கையை ஆட்டுவார்; வரிசையாக எல்லோரும் விழ வேண்டும். வயதான இங்கிலீஷ்கார அக்கா தங்கை இருவர், ஒரு டச்சு டாக்டர், அவர் மனைவி, நாங்கள் இருவர். என் வீட்டுக்காரரின் கம்பளிக் கால்சட்டையைப் போட்டு அதன்மேல் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டேன். நான்கு நாள் சத்தமில்லாமல் விழுந்தோம். நான்தான் நன்றாக விழுகிறேன் என்று வாத்தியார் மற்றவர்களிடம் என்னைக் காட்டினார்.

"கீழ உழுந்து எந்திரிக்கவா கப்பலேறி வந்தோம்?" என்று பக்கத்தில் கிடந்தபடி இவர் கிசுகிசுத்தார்.

"பேசாம உழுங்க, அவரு பாக்கறாரு" என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லோரும் வாயைத் திறக்காமல் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். கல் ஏற்றிய வண்டியைக் கவிழ்த்ததுபோல ஒரு சத்தம். ஜன்னல் முழுக்க வெள்ளையானது. தட்டிலிருந்த சூப் ஆடி நின்றது. ஓட்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த கொட்டகையைத்தான் காணோம். எல்லோருடைய சறுக்குக் கட்டைகளும் அதற்குள் இருந்தன.

மேலாளர் முதலில் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். இவர் வாயில் கரண்டி இருந்தது. அதை எடுத்துவிட்டு, "நா இல்லீங்க" என்றார் மெதுவாக.

வெளியே வாத்தியார் மலையை நெடுநேரம் பார்த்து, வர வேண்டியது வந்துவிட்டது, இனி பயமில்லை என்றார். பிறகு எல்லோரும் பனிக்குவியலைச் சுற்றி நின்று கிசுகிசுப்பாக யோசனை சொன்னார்கள். மண்வெட்டிகளும் கொட்டகைக்குள்தான் இருந்தன. என் வீட்டுக்காரர் எங்கள் காட்டில் மூன்று கிணறு வெட்டியவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் சமையலறைக்குப் போய் இரண்டு கரி அள்ளும் கரண்டியையும் துணி வெளுக்கும் கூடைகளையும் கொண்டு வந்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி, நிறைந்த கூடை ஒரு பக்கம், வெற்றுக்கூடை மறுபக்கம் என்று கை மாற்றச் செய்தார்.

"கூடைய மாத்துங்க. நிக்காதீங்க. அம்மணி, அந்த டாக்டரு தூங்கறாரு பாரு" என்று அவருடைய சொந்தக் குரலில் கத்தினார். தமிழ்தான். டாக்டர் நிமிர்ந்துகொண்டார். மேலாளரின் விரல் உதட்டுக்குப் பாதி வழி போனது; அதற்குள் ஒரு கூடை அவர் கைக்கு வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கூரை தெரிந்தது. மூன்று ஜோடி தவிர எல்லாக் கட்டைகளும் முழுசாகக் கிடைத்தன. யாரும் தேடாத ஒரு குளியல் தொட்டியும் கிடைத்தது. அது எப்படி அங்கே வந்தது என்று மேலாளருக்கும் தெரியவில்லை.

கிளம்பும் நாள் வெயில் அடித்தது. எதிர்ப்பக்கத்துச் சின்ன மேட்டில் மட்டும் போகலாம் என்றார்கள். ஏரிக்கரை உயரம்தான். இவர் வரமாட்டேன் என்று கீழேயே நின்றுகொண்டார். வாத்தியார் என்னை மேலே நிறுத்தி முதுகைத் தொட்டார். போனேன். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. எனக்கு விழத் தெரியும், நிற்கத் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தாண்டி, மேலாளரைத் தாண்டி, ரயிலடிப் பாதையில் பால் கேன் ஏற்றிய சறுக்குவண்டிக்கு நேராகப் போனபோதுதான் விழ வேண்டும் என்று ஞாபகம் வந்தது. விழுந்தேன்.

இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அடிகிடி பட்டுச்சா கண்ணு?"

"இல்லீங்க. இன்னொருக்கா போயிட்டு வாரனுங்க."

மேட்டைப் பார்த்தார், பால்வண்டியைப் பார்த்தார். "வண்டிய நா ஓரமா நிறுத்தச் சொல்றேன், போ" என்றார்.

நான்கு முறை போனேன். நனைந்த சேலையை மாற்ற நேரமில்லாமல் ரயிலேறினோம். கம்பெனியில் அவர் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பல்சக்கரம் ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரோரத்து வெந்நீர்க் குழாயருகே நின்று முந்தானையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.