ஆறு வோல்ட்டுக்கு இரண்டு எருது

1. ஊரின் மொத்த மின்சாரம்

எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த எனக்குக் கொல்லிமலையில் வேலை கிடைத்தபோது, நான் போன ஊருக்கு மின்சாரமே வந்திருக்கவில்லை. கம்பம் நடுவதற்கு முன்பே ஆள் தயாராக இருக்கட்டும் என்று மேலிடம் நினைத்ததாம். ஆள் தயார், கம்பம்தான் வரவில்லை. டார்ச் லைட்டுகளைக் கழித்துவிட்டால், அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் இருந்த அந்த ஊரின் மொத்த மின்சாரமும் விவசாயிகள் சங்கத்தின் பழைய டிராக்டரில் இருந்த ஆறு வோல்ட் பேட்டரிதான். எனவே அதை என் இலாகாவாக நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் பார்க்கப் போனபோது டிராக்டருக்கு முன்னால் இரண்டு எருதுகளைச் சங்கிலியால் பூட்டியிருந்தார்கள். எருதுகள் இழுத்தன. வண்டி உருண்டதும் டிரைவர் சடையன் கிளட்சை விட்டார். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. எருதுகளை அவிழ்த்து ஓரமாகக் கட்டினார்கள்.

"ஸ்டார்ட்டர் என்ன ஆச்சு?" என்றேன்.

"இருக்குதுங்க அம்மிணி. அமுக்குனா டொக்குனு ஒரு சத்தம் குடுக்கும். இந்தக் குளுருக்கு அதுக்கு மேல அதால ஆவாதுங்க."

இதனால் சங்கத்தில் ஒரு விதி உண்டாகியிருந்தது: யார் எருது கொண்டுவருகிறாரோ அவர் வயலுக்குத்தான் டிராக்டர். எருது வைத்திருப்பவர்கள் டிராக்டரால் உழுதார்கள். எருது இல்லாதவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். நல்ல எருதுகள் ஊர்க்கவுண்டரிடம் இருந்தன. சங்கத்தின் தலைவரும் அவரே. அவர் எருதை யாருக்கும் இரவல் தருவதில்லை.

பாப்பாயி அக்காவுக்குப் பள்ளத்தில் ஒரே ஒரு நெல் வயல். அவருடைய எருதுகள் அந்தக் கோடையில் செத்துப்போயின. வயலில் தண்ணீர் நின்றது, நாற்றங்காலில் நாற்று நின்றது, உழவு மட்டும் நடக்கவில்லை.

"நாத்து முத்திப்போச்சு கண்ணு. இன்னும் ஒரு வாரம் போனா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடோணும். அந்த மாடும் எங்கிட்ட இல்லியே" என்றார்.

2. மாற்றியவை, மாற்றாதவை

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்ற அனுமதி கேட்டேன். "பண்ணிக்க அம்மிணி, லைட்டு நல்லா எரிஞ்சாச் செரி" என்றார் கவுண்டர். மின்சாரம் என்றால் வெளிச்சம் என்பது அவர் எண்ணம். சேந்தமங்கலத்தில் உடைக்கப் போட்டிருந்த ஒரு லாரியின் சாமான்கள் பஸ் கூரையில் ஏறி வந்தன.

மாற்றியவை: பேட்டரி, டைனமோ, பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்-அவுட், இக்னிஷன் காயில், பல்புகள்.

மாற்றாதது: ஸ்டார்ட்டர் மோட்டார். ஆறு வோல்ட் மோட்டாருக்குப் பன்னிரண்டு கொடுத்தால் வேகமாகச் சுற்றும்; அமுக்கியதும் விட்டுவிட்டால் தாங்கும். பழைய வண்டிகள் பலவற்றைப் போல இதிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. அதையும் அப்படியே வைத்தேன். உங்களில் யாருக்காவது இந்த வேலை வாய்த்தால் முதலில் அதைப் பாருங்கள்; முனையை மாற்றி இணைத்தால் கட்-அவுட் கருகிவிடும்.

மாற்ற முடியாதது: சடையனின் கை. ஹேண்ட் பிரேக் வேலை செய்யாததால் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது அவர் வழக்கம். "நியூட்ரல்ல போட்டுட்டு அமுக்குங்க" என்று சொன்னேன். "செரிங்க" என்றார்.

3. குதித்த டிராக்டர்

சோதனைக்குக் கவுண்டர் எருதுகளோடு வந்து, வழக்கம்போல முன்னால் பூட்டச் சொன்னார்.

"அம்மிணி வித்தை முடிஞ்சதும் இழுக்கோணுமில்ல?"

சடையன் ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட்டரை அமுக்கினார். கியர் போட்டபடியே இருந்தது. ஆறு வோல்ட்டில் டொக்கென்று நின்றிருக்கும். பன்னிரண்டில் டிராக்டர் ஒரே தாவு தாவியது. எருதுகள் மிரண்டு, சங்கிலிக் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் ஓடி மறைந்தன. டிராக்டர் கவுண்டரின் வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது.

"இதுக்குப் பேய் புடிச்சிருச்சு. பழைய பேட்டரியவே போடு!" என்று கத்தினார் கவுண்டர்.

"கியர்ல இருந்துச்சுங்க, அதனாலதான்."

"இத்தன வருசமாக் கியர்லதான் இருந்துச்சு. அப்பெல்லாம் குதிச்சுதா?"

 மறுநாள் காலை இன்னும் ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்க மட்டும் அனுமதி கேட்டேன்.

"எருது கொண்டாரவிய வயல்ல வேணா செஞ்சு பாரு. என்ற எருதையே காணோம், இதுல நீ வேற" என்று சொல்லிவிட்டு எருது தேடப் போனார்.

4. விதிப்படி

மறுநாள் காலை பாப்பாயி அக்கா வந்தார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கவுண்டரின் இரண்டு எருதுகள். முந்தின நாள் அவை போய் நின்ற இடம் அக்காவின் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி நட்ட கொல்லை. வெள்ளாமையில் மேய்ந்த மாட்டை, உடையவர் வந்து கேட்கும்வரை கட்டிவைக்கலாம் என்பது ஊர் வழக்கம்.

"எருது கொண்டாந்திருக்கறனுங்க. டிராக்டர என்ற வயலுக்கு வுடுங்க."

"அது என்ற எருது பாப்பாயி!"

"ஆமாங்க. யாரு ஊட்டு எருதுன்னு விதியில இருக்குதுங்களா?"

கூடியிருந்தவர்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் சிரிப்பை மறைக்கத் துண்டை உதறினார். கவுண்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஓட்டித் தொலைங்க" என்றார்.

சடையன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். கியர் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டி, நியூட்ரலில் இருப்பதை எல்லாருக்கும் காட்டினார். எருதுகளுக்கும் காட்டியது போலத்தான் இருந்தது. அமுக்கினார். முதல் அமுக்கிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எருதுகள் அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை.

அன்றே பாப்பாயி அக்காவின் வயல் சேறாகியது, மறுநாள் நடவு. கொஞ்சம் முற்றிய நாற்றுதான், ஆனாலும் பிடித்துக்கொண்டது.

பாலிடெக்னிக்கில் எனக்குப் பின்னால் படிக்கும் பெண்கள் இந்த வேலையில் என்ன கற்றாய் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு கோளாறு வெகுகாலம் அப்படியே கிடந்தால், ஒயரைத் தொடும் முன்பு, அந்தக் கோளாறால் யாருடைய முறை முதலில் வருகிறது என்று பாருங்கள். வோல்ட் மீட்டர் அதைக் காட்டாது.

டிராக்டர் இப்போது பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிறது. எருது விதியைச் சங்கம் இன்னும் மாற்றவில்லை. போன வாரம் எருது இல்லாத ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். சடையன் அதை மரியாதையாக டிராக்டருக்கு முன்னால் கட்டினார், கியரைப் பார்த்துக்கொண்டார், ஸ்டார்ட்டரை அமுக்கினார்.