கறுப்பு வண்டிக்குச் சிவப்பு அரளி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் இரண்டு கார்கள் நின்றன என்று சொன்னால், பெரிய பணக்காரக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தக் கார்களைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கறுப்பு வண்டி அப்பாவுடையது. அவர் வாங்கும்போதே அது இரண்டு கை மாறியிருந்தது. சாம்பல் நிற வண்டி என்னுடையது. பம்பாய்க்கு மாற்றலாகிப் போன ஒரு வங்கி அதிகாரியிடமிருந்து வாங்கினேன். கறுப்பு, காலையில் மூன்று பேர் பின்னால் நின்று தள்ளினால்தான் உயிர் பெறும். சாம்பல் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். ஆனால் மழை வந்தால் உள்ளே இருப்பவரும் குடை பிடிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் மழை பெய்யாத மாதம் எது?

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், உற்சவத்துக்கு முன்னால் வலியசாலையில் எங்கள் அக்ரகாரத் தெருக்காரர்கள் கூடி, இனிமேல் வீட்டுக்கு ஒரு வண்டிதான் என்று தீர்மானித்தார்கள். அதற்குக் காரணமே நாங்கள்தான். முந்தைய வருஷம் ஸ்வாமி புறப்பாடு எங்கள் வாசலுக்கு வந்தபோது கறுப்பு வண்டி கிளம்ப மாட்டேன் என்று நின்றுவிட்டது. வாகனம் தூக்கியவர்கள் தோள் மாற்றி மாற்றி நிற்க, நாதஸ்வரக்காரர் வாசித்ததையே வாசிக்க, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினோம். ஸ்வாமியையே காக்க வைத்த குடும்பம் என்ற பெயர் அன்றோடு எங்களுக்கு வந்தது.

எந்த வண்டியை வைத்துக்கொள்வது என்று தெருவே ஆளுக்கொரு யோசனை சொன்னது. என் கவலை வண்டியைப் பற்றியது அல்ல. அப்பாவின் கண்ணைப் பற்றியது.

அப்பாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. கண்களில் புரை விழுந்து, பாலில் நீர் கலந்த மாதிரி ஒரு நிறம் வந்திருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், "கண்ணுக்கு ஒண்ணும் இல்லை, கண்ணாடிதான் பழசாயிடுத்து" என்பார். வாரம் ஒருமுறை சாலைக் கடைத்தெருவுக்குக் கறுப்பு வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போவார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லி இடதுபக்க ஸீட்டில் ஏறிக்கொள்வேன். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருக்கும்.

ஒரு நாள் அட்டக்குளங்கரைப் பக்கம், விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி தலையில் கூடையோடு சாலையைக் கடந்தாள். பட்டப்பகல். நல்ல வெயில். அப்பா நிறுத்தவில்லை. நான் கத்தின பிறகுதான் பிரேக் போட்டார். வண்டி அவள் புடவைக் கொசுவத்தில் உரசி நின்றது. அவள் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"கண்ணு காணான் வய்யே, ஸ்வாமீ?" என்று மலையாளத்தில், கண் தெரியவில்லையா எனக் கேட்டாள்.

அப்பா கியரை மாற்றி வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "ஒரு மீன்காரி குறுக்கே சாடிட்டா" என்று மட்டும் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. அடுத்த முறை பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பேன்.

நீங்கள் இனி ஓட்டக்கூடாது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? அதனால் தெருக்காரர்களின் தீர்மானம் எனக்கு வரமாக வந்தது. கறுப்பு வண்டிக்கு ஸ்டியரிங் பக்கத்தில் கியர், சாம்பலுக்குத் தரையில். சாம்பலை அப்பா ஒரு நாளும் தொட்டதில்லை, அதை "உன் வண்டி" என்றுதான் சொல்வார். கறுப்பை விற்றுவிட்டால் அவர் ஓட்டுவது தானாக நின்றுவிடும். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

கரமனையில் பட்டறை வைத்திருந்த நாகர்கோவில்காரரிடம் இரண்டையும் காட்டினேன். கறுப்பு தேறாது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று காத்திருந்தேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டார்.

"சார், சாம்பல் வண்டிக்கு அடியெல்லாம் துரு தின்னுட்டு. கறுப்பு பழைய இரும்பாக்கும். ஒரு பேட்டரி மாத்துங்க, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார்.

வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம் என்று என்னையே நொந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே, "என்ன சொன்னான்?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றார்பா" என்று ஒரு பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யே என் காலைச் சுற்றிக்கொண்டது. "ரெண்டும் ஒண்ணுதான்னா நாம என்னத்துக்கு மண்டையை உடைச்சுக்கணும்? ஸ்வாமி கிட்ட பூ வெச்சுப் பார்த்துடலாம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் கல்யாணம், மேல்படிப்பு, வீடு மாறுவது, எதற்கும் இதுதான் வழக்கம். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. சன்னதியில் வைத்து வேண்டிக்கொண்டு ஒன்றை எடுப்பது. வந்த பூவுக்கு மேல் அப்பீல் கிடையாது. வெள்ளை வந்தால் சாம்பல் வண்டி, சிவப்பு வந்தால் கறுப்பு வண்டி வீட்டில் இருக்கும் என்று அப்பாவே சொல்லிவிட்டு, பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் விட்டார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கொல்லையில் அரளி பறித்தேன். இரண்டு நிறமும் பறித்தேன். வாழை இலையை நறுக்கிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தபோது மீன்காரியின் கை பானெட்டில் விழுந்த சத்தம் காதில் கேட்டது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து நாரால் கட்டினேன். சிவப்பை அரளிச் செடிக்குப் பின்னால் எறிந்தேன். தண்ணீர் எடுக்க வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஸ்வாமி கிட்டயா கள்ளக்களி?" என்றாள் மெதுவாக.

"அவர் புரிஞ்சுப்பார்" என்றேன். எந்த அவரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெருக்கோயிலில் கூட்டம் இல்லை. பூஜை செய்யும் போற்றி இரண்டு பொட்டலத்தையும் வாங்கிப் படியில் வைத்துத் தீபம் காட்டினார். யாராவது சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். அப்பா, "நானே எடுக்கறேன்" என்றார். குனிந்து, கையால் படியைத் துழாவி, ஒன்றை எடுத்தார். நாரைப் பிரித்தார். பூவை உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். விளக்கு வெளிச்சத்தில் மூன்று வெள்ளை அரளி எனக்கும் போற்றிக்கும் நன்றாகத் தெரிந்தன.

"சிவப்பு" என்றார் அப்பா.

போற்றி என் முகத்தைப் பார்த்தார். அது வெள்ளை அப்பா என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வது போலத்தான், அதுவும் சன்னதியில், இன்னொருவர் முன்னால். அப்பா தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்பா, சிவப்புதான்" என்றேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஒரு வாரத்துக்குள் சாம்பல் வண்டியைத் தம்பானூரில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கறுப்புக்குப் புது பேட்டரி போட்டார்கள். யாரும் தள்ளாமலே கிளம்பியது. முன்பு அப்பாவிடம் வண்டி மட்டும்தான் இருந்தது. இப்போது ஸ்வாமியின் உத்தரவும் சேர்ந்துகொண்டது. அலுவலகம் போகும்முன் தினமும் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போவேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று தெருமுனையிலிருந்து பார்ப்பேன். மனைவி என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "சாலைக் கடைத்தெருவுக்குப் போகணும். சாவியை எடு. அந்த வயரையும் மாட்டிடு" என்றார்.

வயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது அப்பா மட்கார்டில் ஒரு விரலை வைத்து, அதைத் தொட்டபடியே வண்டியைச் சுற்றி நடந்தார். டிரைவர் பக்கம் போகவில்லை. இடதுபக்கக் கதவின் பிடியை, தேடாமல் கொள்ளாமல், ஒரே எட்டில் பிடித்துத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏறு" என்றார்.

"நீங்க ஓட்டலையாப்பா?"

"கண்ணு தெரியாதவன் எப்படிடா ஓட்டறது?"

ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. அப்பா முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு வந்தது என்ன பூ?"

"வெள்ளை."

"எனக்கு ஒண்ணும் தெரியலை, கேட்டயோ. நான் சிவப்புன்னு சொன்னா, இல்லைப்பா வெள்ளைன்னு நீ திருத்துவேன்னு நினைச்சேன். நீ வாயைத் திறந்தா நானும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ திறக்கலை."

எனக்கு அழுகை வந்தது. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தத் திருட்டு, இந்தப் பொய், ஒன்றுமே வேண்டியிருக்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு, யார் முதலில் பிரிப்பது என்று காத்திருந்திருக்கிறோம்.

"அப்போ சாம்பலையே வெச்சுண்டிருக்கலாமேப்பா" என்றேன், வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல்.

"அதுல கதவோட பிடி எங்கேன்னு தடவணும். தெருவிலே நாலு பேர் பார்க்கத் தடவணும். இதுல அது வேண்டாம். எனக்கு ஓட்டறதுக்கு வண்டி வேண்டாம், ஏறி உட்கார ஒண்ணு போறும்."

வண்டியைக் கிளப்பினேன். கறுப்பின் கியர் எனக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை கிரீச்சிட்டது. தெருமுனை திரும்பியதும் அப்பா, "முன்னாலே என்ன வரது?" என்று கேட்டார். ஒரு பஸ் என்றேன். பிறகு ஒரு சைக்கிள் என்றேன், ஒரு கைவண்டி என்றேன். கேட்டுக்கொண்டே வந்தார்.

அட்டக்குளங்கரை வந்தபோது அவர் கை டாஷ்போர்டைப் பிடித்தது.

"இங்கேதான் அந்த மீன்காரி" என்றார். "அவ குறுக்கே சாடலை. நான் அவளைப் பார்க்கவே இல்லை."

அந்த இடத்தில் அப்போது யாரும் இல்லை. இருந்தாலும் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தேன்.