சர்க்கார் தோட்டத்துத் தாழைவேலி

மானியம் என்ற சொல்லை யாராவது என் எதிரில் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

பாகூருக்கு மேற்கே, ஒரு சின்ன ஏரிக்குக் கீழே எங்கள் ஊர். பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும், அக்கா ஒரு பித்தளைத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள். அண்ணன் வீட்டில் இடம் இருந்தது, அண்ணி மனசில் இல்லை. தட்டில் சோறு விழும்போதெல்லாம் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கை வைக்க வேண்டும். எத்தனை நாள் தாங்குவாள்? அப்பா சாகும் முன் வாய்வார்த்தையாகக் கொடுத்த துண்டு நிலம் ஒன்று ஏரிக்கரைக்கு அடியில், மதகுக்குப் பக்கத்தில் கிடந்தது. தானே மண் குழைத்துச் சுவர் எழுப்பி, பனையோலை போட்டு, அதில் குடியேறினாள்.

அதே ஊர் மேலத் தெருவில் வாக்கப்பட்டிருந்த நான் முதல் நாள் பார்க்கப் போனேன். அடுப்பில் உலை ஏறியிருந்தது. நான் என்னவோ பேச வாயெடுத்தேன், விடவில்லை.

"சும்மா இருடி. அது கொதிக்கிறதக் கேளு. என் உலைடி அது" என்றாள்.

நடவும் அறுப்பும் உள்ள மாதங்களில் அந்த உலைக்குப் போட அரிசி இருந்தது. மற்ற மாதங்களில் கீரையும் தண்ணீரும்தான். எப்போது அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டிவருமோ என்கிற பயம் அவளுக்குத் தூக்கத்தில்கூட இருந்தது. வேறெதற்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சு வெள்ளைக்காரன் போய், இந்திய சர்க்கார் வந்த புதுசு. கிராம சேவக் என்று ஒருத்தர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசை நாங்கள் மேரி என்போம், அதன் தலைவரை மேர் என்போம். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் பேர்கள் போகவில்லை. மேரியில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்: ஊருக்குப் பொதுவாக ஒரு தோட்டம் வைத்தால் சர்க்கார் மானியம் தரும். கிணறு வெட்டலாம், மாங்கன்று, தென்னம்பிள்ளை வாங்கலாம், தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை மாதச் சம்பளத்துக்குப் போடலாம். ஊர் தன் பங்குக்குச் சிரமதானமாக வேலி போட்டுத் தர வேண்டும். வேலி நின்றால்தான் மானியம்.

மாதச் சம்பளம் என்றதும் அக்கா எழுந்துவிட்டாள். பொம்பளை சபையில் எழுந்து பேசுவதா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணி ஊத்தற வேலய எனக்குக் குடுங்க மேர் ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மேர் மீசையைத் தடவிக்கொண்டார். "சிரமதானத்துல யாரு நல்லா ஒழைக்கிறாங்கன்னு பாப்போம். அவங்களுக்குத்தான் வேல."

வேலிக்கு எதைப் போடுவது? கம்பி வாங்க வழியில்லை. முள் வெட்டிப் போட்டால் அடுப்புக்குப் போய்விடும். அப்போதுதான் எவனோ ஏரிக்கரைத் தாழையைக் காட்டினான். கரை நெடுக, மதகுப் பக்கம் அடர்த்தியாக, விழுதுவிட்டு நின்ற தாழை. வெட்டி நட்டாலும் பிழைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. வேலிக்கு அதைவிட நல்லது ஏது?

ஆனால் அதுவரை அந்தத் தாழையை யாரும் தொட்டது கிடையாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தண்டோரா போடுவார்கள்: கரையில் தாழை வெட்டினால், பூப் பறித்தால்கூட, மேரியில் அபராதம். ஒரு பூவுக்காக அழுத சிறுமிகளில் நானும் ஒருத்தி. வெள்ளைக்காரனுக்கு நாம் தலையில் பூ வைத்தால்கூடப் பொறுக்கவில்லை என்றுதான் பேசிக்கொள்வோம். அது எங்கள் பாட்டன் பூட்டன் போட்ட கட்டுப்பாடு, வெள்ளைக்காரன் வந்து அதற்குத் தண்டோராவும் அபராதமும் மட்டும்தான் சேர்த்தான் என்பது எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

"வெள்ளைக்காரன் சட்டம் வெள்ளைக்காரனோட கப்பல் ஏறிடுச்சு. இனிமே நம்ம ஏரி, நம்ம கரை. வெட்டுங்கடா!" என்றான் ஒருத்தன். கூட்டம் கை தட்டியது. மேரும் தட்டினார், கிராம சேவக்கும் தட்டினார். அடப்பாவிகளா!

வெட்டிய நாள் ஊரே திருவிழாக் கோலம். பறை அடித்தார்கள். ஆயுசில் முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோர் தலையிலும் தாழம்பூ. நான் வெட்டுகிறவர்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஆம்பிளைகளை மிஞ்சி வெட்டினாள். முள் கிழித்து இரண்டு கையும் ரத்தம். எங்கே வெட்டினாள்? மதகுப் பக்கம், தன் வீட்டுக்கு நேர் மேலே. அங்கேதான் அடர்த்தி, அங்கேதான் அவளுக்குக் கிட்டத்தில்.

வேலை அவளுக்கே கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், மேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாவிலைத் தோரணம் கட்டி, சமுதாயத் தோட்டம் என்று பலகை நட்டார்கள். பெரிய அதிகாரி ஒருத்தர் ஜீப்பில் வந்து முதல் மாங்கன்றை வைத்தார். அக்கா குடம் குடமாக ஊற்றினாள். கன்றும் துளிர்த்தது, வேலித் தாழையும் வேர் பிடித்தது. முதல் சம்பளத்தில் அரிசி வாங்கி, எனக்கும் ஒரு படி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இனிமே எவ மூஞ்சியும் பாக்க வேணாம்டி" என்றாள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. மழை நாளில் தண்ணீர் ஊற்ற ஆள் எதற்கு என்று நான் கேட்டேன். அதிகாரி எந்த நேரமும் வருவார், ஆள் தோட்டத்தில் இருந்தாக வேண்டும் என்பது கிராம சேவக்கின் உத்தரவு. அன்றைக்கும் அக்கா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, சாய்ந்த கன்றுகளுக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாளாம். காலை நேரம். கரைமேல் இருந்தவர்கள் "கரை போச்சு, கரை போச்சு" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மதகுப் பக்கம், தாழையை வெட்டிவிட்டு மொட்டையாக விட்ட இடத்தில்தான் உடைத்துக்கொண்டது.

மேலத் தெருவில் நின்று நான் கண்ணால் பார்த்தேன். அக்காவின் மண்சுவர் இடிந்துகூட விழவில்லை. அப்படியே கரைந்து உட்கார்ந்தது. கூரை மிதந்து போயிற்று. பக்கத்துக் குடிசையில் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவரை, தண்ணீர் வடிந்த பிறகு வயலில் சேற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள். என்ன மழை, என்ன மழை என்று ஊர் முழுக்க மழையைத் திட்டியது. அக்கா மட்டும் திட்டவில்லை. உடைப்பைப் பார்த்தபடியே நின்றவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் வந்து கூட்டிப் போனான். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு மூலை கொடுத்தார்கள்.

ஊர் கூடி உடைப்பை அடைத்தது. புது மண், புல்கூட இல்லை. சம்பளத்தை வைத்து அதே இடத்தில் மறுபடி சுவர் வைக்கிறேன் என்று அக்கா சொன்னாள். அண்ணன் சீறினான். "நிக்காத கரைக்கு அடியில வூடு எதுக்கு? திரும்பவும் தண்ணியோட போறதுக்கா?"

அவன் சொன்னது நியாயம்தான். அக்கா முதலில் கரையை நிற்க வைக்கக் கிளம்பினாள். உச்சி வெயிலில் ஊர் அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, தோட்டத்து வேலியிலிருந்து தாழையை வேரோடு பெயர்த்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஏரிக்கரைப் புது மண்ணில் நட்டாள். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. கையெல்லாம் கீறல் கண்டு கேட்டதற்கு, "இன்னா, தோட்ட வேலன்னா கீறாதா?" என்று மழுப்பினாள். கோடை முழுக்க அவள் அங்கே குடம் சுமந்தாள். கரையில் பச்சை பிடித்தது.

வேலியில் சந்து விழுந்தது. சந்தில் ஆடு நுழைந்து, பெரிய அதிகாரி வைத்த மாங்கன்றையே மேய்ந்துவிட்டுப் போயிற்று. அடுத்த தவணை மானியத்துக்கு அதிகாரி தோட்டம் பார்க்க வருகிற சமயம். மேரியில் அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். நானும் கூடப் போனேன்.

"சர்க்கார் வேலிய யாரக் கேட்டுப் புடுங்கின?" என்றார் மேர்.

"கரையில இருந்ததுதான ஐயா. கரையிலயே வச்சிட்டேன்."

"பொதுச் சொத்து! பொதுச் சொத்துல இருந்து செடி புடுங்கினா அபராதம்னு தெரியாதா உனக்கு?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கப்பல் ஏறிப் போன சட்டம் திரும்பி வந்துவிட்டது. ஊரே சேர்ந்து கரையை மொட்டையடித்தபோது ஆகாத குற்றம், ஒருத்தி நட்டபோது ஆகிவிட்டது. நான் அங்கேயே கத்தினேன். அன்றைக்கு எல்லோரும் கை தட்டினீர்களே, கிழவர் சாவுக்கு யாருக்கு அபராதம் என்று கேட்டேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அக்கா உள்ளே குனிந்தபடி நின்றாள். வேலையைப் பறித்தார்கள், அபராதமும் போட்டார்கள். அதை அண்ணன் கட்டினான். அதற்கப்புறம் அண்ணியின் வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

அதோடு விட்டார்களா? அதிகாரி வருவதற்குள் வேலி நிற்க வேண்டுமே. ஆள் விட்டு, அக்கா கரையில் நட்ட தாழையை எல்லாம் பிடுங்கி, திரும்பத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சொருகினார்கள். ஜீப் வந்து போகிறவரை அது பச்சையாக நின்றது. மானியம் வந்தது. அப்புறம் வெயிலில் எல்லாம் காய்ந்து விறகாகிவிட்டது. தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இல்லையே.

கொஞ்ச காலம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்காவை எங்கே என்று கேட்டதற்கு அண்ணி தாடையால் பின்பக்கம் காட்டினாள். கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த தாழம் மட்டையைச் செருகி எரித்துக்கொண்டு குந்தியிருந்தாள் அக்கா. மேலே ஒரு மண்சட்டி தளதளவென்று கொதித்தது. எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

"இன்னா யக்கா இது? அரிசி போடலியா?"

"அரிசி அவங்குளுது" என்றாள். "தண்ணி ஏரித் தண்ணிதான? சும்மா இருடி. அது கொதிக்கிறதக் கேளு."